தொகுதிக்குள் ஒரு ஓடை

எம்.எல்.ஏ. வேலைக்குப் படிப்புத் தகுதி கிடையாது, எழுத்துத் தேர்வு கிடையாது, உயரம் எடை பார்ப்பதும் கிடையாது. எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்த்து ‘முடியாது’ என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

நீங்களும் இந்த அவஸ்தையைப் பட்டவராக இருக்கலாம். ரேஷன் கடை, ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் மேஜை, தாலுகா ஆபீஸ் நாற்காலி, எங்கே உட்கார்ந்திருந்தாலும் சரி. எதிரே ஒருவர் நிற்பார். அவர் கேட்பது நியாயமாக இருக்கும், கொடுக்க நம் கையில் இருக்காது. இல்லையென்றால் நம் கையில் இருக்கும், கொடுத்தால் இன்னொருவருக்குக் கெடுதலாக முடியும். இரண்டாவதுதான் கொடுமை. அதை அனுபவித்தவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரன். அப்பா, அம்மா இரண்டு பேருமே கூலி வேலைக்குப் போனவர்கள். நான் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தேன். கட்சிக் கூட்டங்களில் கொடி கட்டினேன், பிறகு மைக் பிடித்தேன், யாரும் எதிர்பார்க்காத ஒரு தேர்தலில் சீட்டுக் கிடைத்து ஜெயித்தும் விட்டேன். ஒரே ஒரு தடவை, ஐந்து வருஷம். தொகுதியில் கீழே சமவெளியில் கீழ்நாட்டு ஊர்கள் பாதி, கல்வராயன் மலை பாதி. செல்போன் வருவதற்கு முந்தைய காலம்.

இந்தக் கரை, அந்தக் கரை

பிரசாரத்தின் கடைசி வாரம் மலை மேல் நெல்லிமேட்டுக்குப் போனோம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மைல் நடந்தால் ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஊர். சாமையும் மரவள்ளியும் போட்டு, காட்டில் கடுக்காய் பொறுக்கி விற்றுப் பிழைக்கிற ஜனங்கள். எல்லா வேட்பாளர்களும் இந்தக் கரையில் நின்று பேசுவார்களாம், ஊர்க்காரர்கள் அந்தக் கரையில் நின்று கேட்பார்களாம். ஒவ்வொருவரும் பாலம் கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்களாம்.

நானும் இந்தக் கரையிலிருந்துதான் ஆரம்பித்தேன். அந்தப் பக்கமிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையைத் தூக்கி நிறுத்தினார். பெயர் வெள்ளையன். ஊருக்காகப் பேசுகிறவர் அவர்தான். பேசுவதை இங்கே வந்து பேசுங்கள் என்றார். முந்தின நாள் மழை பெய்திருந்தது, முழங்காலுக்கு மேல் தண்ணீர். கூட வந்தவர்கள் தயங்கினார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். பாசி பிடித்த பாறையில் இரண்டு தடவை வழுக்கினேன். இரண்டாவது தடவை வெள்ளையனே இறங்கி வந்து கையைப் பிடித்தார்.

அந்தக் கரையில் ஈரக் காலோடு நின்று, இந்த ஓடைக்குப் பாலம் கொண்டுவராமல் விடமாட்டேன் என்று சொன்னேன். மேடைக்காகச் சொன்னதில்லை, அந்த நேரத்தில் நிஜமாகவே நம்பித்தான் சொன்னேன். வெள்ளையன் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார்: “பாலம் கட்றேன்னு நெறைய பேரு சொல்லிட்டாங்க. தண்ணியில எறங்கினது நீங்க ஒருத்தருதான். அதுக்குத்தான் ஓட்டுப் போட்றோம், பாலத்த நம்பி இல்லீங்க.”

மறுநாள் காலை

ஓட்டு எண்ணி முடித்து, மாலை போட்டு, ஊர்வலம் விட்டு, வீட்டுக்கு வந்து படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. வாசலில் மனு கொடுக்க ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். அம்மா எங்கே என்று மனைவியிடம் கேட்டேன். நடவுக்குப் போய்விட்டது என்றாள். நேற்றே ஒப்புக்கொண்ட வேலையாம், போகாவிட்டால் ஒரு ஆள் குறையுமாம்.

எனக்கு அதில் தப்பாக எதுவும் தோன்றவில்லை. ஆனால் பத்து மணி வாக்கில் நிலத்துக்காரர் கோதண்டம் என் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் தெருவுக்குள் வந்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. என் அப்பா காலத்திலிருந்து எங்களை ‘டா’ போட்டுத்தான் கூப்பிடுவார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. வரப்பில் நின்று ஆட்களை வேலை வாங்குவது அவர் வழக்கம். அன்றைக்கு என் அம்மா குனிந்து நட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவரால் அங்கே நிற்க முடியவில்லையாம்.

அம்மா சாயங்காலம் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். அது சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அதன் பிறகு யாரும் அம்மாவை வேலைக்குக் கூப்பிடவில்லை. கூட நட்டவர்கள் வாசல் வழியாகப் பேசிக்கொண்டு போவதை அது ரொம்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஜெயித்ததில் முதலில் நஷ்டப்பட்டது அம்மாதான். கோதண்டம் அன்று சொன்னதை மறக்கவில்லை, அவர் வாயிலிருந்து எங்களுக்கு வந்த முதல் ‘ங்க’ அது: “உங்கம்மாவ இனிமே அனுப்பாதீங்க. அவங்களுக்கு வேல சொல்ல எனக்கு வாய் வரலீங்க.”

பெரிய சாவு

எம்.எல்.ஏ. ஆன பிறகு நான் அதிகம் போனது சட்டமன்றத்துக்கு இல்லை, இழவு வீடுகளுக்குத்தான். இதைச் சலிப்பாகச் சொல்லவில்லை. செத்தவரை உயிரோடு பார்த்திருக்க மாட்டோம். பிள்ளைகளின் பெயர் தெரியாது. ஆனாலும் மாலையோடு போய் நிற்க வேண்டும், பெண்கள் நம் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். எனக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க முருகேசன் என்று ஒரு உதவியாளர் இருந்தார். தினமும் காலையில் சாவுப் பட்டியலை அவர்தான் படிப்பார்.

ஒரு நாள் கச்சிராயபாளையம் பக்கத்தில் ஒரு முதியவர் இறந்துவிட்டார். மாடு மேய்த்து வாழ்ந்தவர். மகன் கிணறு வெட்டும் ஆள். நாங்கள் வேறு இடத்துக்குப் போகும் வழியில் பறைச் சத்தம் கேட்டு இறங்கினோம், அழைப்பு எதுவும் இல்லை. மாலையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அதற்குள் ஊரில் செய்தி பரவி, வராத ஆட்களெல்லாம் வர ஆரம்பித்தார்கள். வழிமறித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய குடும்பம் பாடையைத் தங்கள் நிலத்தின் வழியாக எடுத்துப்போக விட்டது. நான் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நின்றதோடு சரி.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது அந்த மகன் என் பின்னாலேயே வந்தான். கோரிக்கை ஏதாவது இருக்குமோ என்று நின்றேன். “எங்கப்பா வாழ்ந்தது யாருக்கும் தெரியாதுங்க, செத்தது ஊருக்கே தெரிஞ்சுட்டுது,” என்றான்.

இரண்டு நிமிஷம்

நெல்லிமேட்டுப் பாலத்துக்காக நான் எழுதாத கடிதம் இல்லை. ஒரு துறை இன்னொரு துறையைக் கைகாட்டும், அந்தத் துறை காடு தன்னுடையதில்லை என்னும், காட்டைச் சொந்தம் கொண்டாடும் துறை ஓடை தன்னுடையதில்லை என்னும். கடைசியில் சட்டமன்றத்தில் பேசுவதென்று முடிவு செய்தேன். முதல் தடவை உறுப்பினர்களுக்கு நேரம் கிடைப்பது அரிது. பல நாள் காத்திருந்து, துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் இரண்டு நிமிஷம் கிடைத்தது.

ஒரு வாரம் எம்.எல்.ஏ. விடுதி அறையில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்திருந்தேன். கல்வராயன் மலை எங்கே இருக்கிறது என்று சொல்லவே ஒரு நிமிஷம் ஓடிவிட்டது. ஓடை என்று ஆரம்பித்தபோது பேரவைத் தலைவர் மணி அடித்தார். உட்கார்ந்தேன். கருத்துரு பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது.

சட்டமன்ற உணவகத்தில் தனியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வேறு கட்சியைச் சேர்ந்த ஒரு மூத்த உறுப்பினர் எதிரில் வந்து உட்கார்ந்தார். பல தடவை ஜெயித்தவர், நல்ல மனிதர். நான் பேசியது அவருக்குப் பிடித்திருந்ததாம், ஆனால் இப்படிக் கேட்டால் கிடைக்காதாம். பிறகு குரலைத் தாழ்த்தி, டாக்டர் நோயாளியிடம் விசாரிப்பது மாதிரி கேட்டார்: “அந்த ஓடையில யாராவது செத்திருக்காங்களா தம்பி?”

தனகோடி வாத்தியார்

நெல்லிமேட்டில் ஒரு ஆரம்பப் பள்ளி இருந்தது. ஒரே வாத்தியார், தனகோடி. திருநாவலூர்க்காரர். வீட்டில் மனைவி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பா. திங்கள்கிழமை விடியற்காலை பஸ் ஏறி, மாறி மாறி வந்து, ஓடையைத் தாண்டிப் போனால் வெள்ளிக்கிழமை வரை பள்ளிக்கூடத்திலேயே தங்குவார். அவருக்கு முன்னால் வந்தவர்கள் மாதத்தில் நாலு நாள் வந்து கையெழுத்துப் போட்டதோடு சரி. இவர் வந்த பிறகுதான் அந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதக் கற்றார்கள்.

அவர் என்னிடம் இடமாறுதல் கேட்டு வந்தார். அவர் ஊருக்குக் கிட்டே உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் ஒரு இடம் காலியாக இருந்தது, என் சிபாரிசுக் கடிதம் இருந்தால் கிடைத்துவிடும். கேட்டது நியாயம்தான். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் வெள்ளையன் வந்து, வாத்தியார் போகப் பார்க்கிறார், அனுப்பிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இவர் போனால் பள்ளிக்கூடம் பூட்டித்தான் கிடக்கும் என்று எனக்கும் தெரியும்.

மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை உட்கார வைத்து, மறைக்காமல் சொன்னேன். உங்களை விட்டால் அந்த ஊருக்கு ஆள் வராது, அதனால் நான் கடிதம் தரப்போவதில்லை, ஒரு வருஷம் பொறுங்கள், பாலம் வந்துவிடும், பிறகு நானே மாற்றித் தருகிறேன் என்றேன். அவர் கொண்டுவந்த விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கதவு வரை போய்த் திரும்பி நின்றார். அவர் சொன்னது: “மத்த எடத்துல ஆவட்டும்னு சொல்லி அனுப்பிட்டு அப்புறம் மறந்துட்றாங்க. நீங்க முடியாதுன்னு நேராச் சொன்னீங்க. அதுவே பெருசுங்க.”

கை காட்டியது

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. சட்டமன்றக் குழுக் கூட்டம் ஒன்றுக்காக நான் சென்னையில் இருந்தேன். விடுதி அலுவலகத்துக்கு முருகேசன் போன் பண்ணியிருந்தார். வாத்தியார் ஓடையில் போய்விட்டார் என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். ‘போய்விட்டார்’ என்ற வார்த்தை உடனே எனக்குப் புரியவில்லை. ஓடையைத் தாண்டிப் போய்விட்டார் என்றுதான் முதலில் படித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது உடலை எடுத்துவிட்டிருந்தார்கள், வெகுதூரம் தள்ளி, இரண்டு பாறைகளுக்கு நடுவில். சம்பவம் நடந்தது திங்கள்கிழமை காலை. இலவசப் பாடப்புத்தகக் கட்டு தாமதமாக அப்போதுதான் வந்திருந்தது, அதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஓடையில் தண்ணீர் முழங்கால் அளவுதான் தெரிந்தது. ஆனால் மேலே மலையில் அடித்துப் பெய்துகொண்டிருந்தது. அந்தக் கரையில் நின்ற வெள்ளையனுக்கு மேல் தண்ணீர் இறங்கி வரும் சத்தம் கேட்டிருக்கிறது, வாத்தியாருக்குக் கேட்கவில்லை. மழை இரைச்சலில் கத்தியதும் எட்டவில்லை.

வெள்ளையன் அதே கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் வலது கையைத் தூக்கி, தள்ளுவது மாதிரி ஒரு தடவை ஆட்டிக் காட்டினார். அதைப் பார்த்தால் எனக்கும் எதுவென்று தெரியவில்லை, போ என்பதாகவும் இருந்தது, வா என்பதாகவும் இருந்தது. அவர் சொன்னார்: “வராத, திரும்பிப் போன்னுதான் கையக் காட்டினேங்க. வான்னு கூப்பிட்றேன்னு நெனச்சிக்கினு எறங்கிட்டாரு.”

திருநாவலூரில்

காரியம் முடிந்த பிறகு திருநாவலூருக்குப் போனேன். சாவன்றைக்கும் போயிருந்தேன், ஆனால் கூட்டத்தோடு கூட்டமாக மாலை வைத்துவிட்டு வந்திருந்தேன். இந்தத் தடவை முருகேசனையும் கார்க்காரரையும் கோயில் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக நடந்தேன். வாத்தியாரின் மனைவி கஸ்தூரி உட்காரப் பாய் விரித்தார். உள்ளே கட்டிலில் அவருடைய மாமனார், மகன் எப்போது வருவான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை போலும், அல்லது சொல்லியும் அவருக்குப் பதியவில்லை.

பாலம் நிச்சயம் வரும், உங்களுக்கு அரசாங்க வேலை வாங்கித் தருகிறேன் என்றெல்லாம் சொல்லத் தயாராகப் போயிருந்தேன். ஆரம்பிக்கவும் செய்தேன். கஸ்தூரி எழுந்து போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். உள்ளே இடமாறுதல் விண்ணப்பங்களின் நகல்கள். ஒவ்வொன்றையும் தரையில் வரிசையாக வைத்தார். அவர் உங்களை வந்து பார்த்தாராமே, நீங்கள் என்ன சொன்னீர்கள், என்னிடம் அவர் சொல்லவில்லை என்று கேட்டார்.

மேலிடத்தில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. சொல்ல வாயெடுத்துவிட்டு, கீழே கிடந்த காகிதங்களைப் பார்த்தேன். நான்தான் தடுத்தேன் என்றேன். ஏன் தடுத்தேன் என்பதையும் சொன்னேன். அந்த ஏன் எனக்கே அப்போது சின்னதாகத் தெரிந்தது. அவர் அழவில்லை. காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். வாசல் வரை வந்து சொன்னார்: “உண்மையச் சொன்னீங்க, சரி. ஆனா இனிமே இந்த வூட்டுக்கு வராதீங்க.”

குறிப்பில் ஏறியது

மறுபடி சட்டமன்றம் கூடியபோது எனக்குக் கேட்காமலே நேரம் கிடைத்தது. வாத்தியார் இறந்தது பத்திரிகையில் வந்துவிட்டிருந்தது, அதனால். அந்த மூத்த உறுப்பினர் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பெயர் இருந்தது. அதை நினைக்கவே எனக்குக் கூசியது.

எழுதிக்கொண்டு போனதைப் படிக்கவில்லை. தனகோடி என்ற ஆசிரியர் இறந்த விதத்தைச் சொன்னேன். பிறகு சொன்னேன்: அவர் என்னிடம் இடமாறுதல் கேட்டார், மறுத்தவன் நான். அவர் போனால் பள்ளி மூடப்படும் என்று பயந்தேன். பாலம் வரும் என்று சொன்னேன். என் வார்த்தையை நம்பித்தான் அவர் அந்த மழைக்காலத்திலும் ஓடையில் இறங்கினார். அன்று மணி அடிக்கவில்லை. பாலத்துக்கு அனுமதி தருவதாக அன்றே அறிவித்தார்கள்.

வெளியே வந்ததும் எங்கள் கட்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பாலத்தைக் கேட்டாய் சரி, உன்னைப் பற்றி ஏன் சொன்னாய், அடுத்த தேர்தலில் அதையே நோட்டீஸ் அடிப்பார்கள், அவைக் குறிப்பிலிருந்து அந்த வரியை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடு என்றார்கள். நாங்கள் பேசியதைச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்து, திருத்துவதற்காக எங்களிடமே கொண்டுவருவது வழக்கம். சாயங்காலம் விடுதிக்கு அந்தத் தாள்களோடு ஒரு அலுவலர் வந்தார். பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். நான் எதை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்ததா இல்லையா, இன்று வரை எனக்குத் தெரியாது. “எழுத்துப் பிழை ஏதாவது இருக்குங்களா ஐயா?” என்று கேட்டார்.

இரண்டில் எது

பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நண்பர்கள் சொன்னபடியே நடந்தது. அடுத்த தேர்தலில் எதிர்த்தரப்பு நோட்டீஸ் அடித்தது. அதில் அவர்களுடைய வார்த்தை ஒன்றுகூட இல்லை, எல்லாம் நான் சட்டமன்றத்தில் சொன்னதுதான். ஒரு ஆசிரியரைக் கொன்றவருக்கா உங்கள் ஓட்டு என்று மேலே தலைப்பு மட்டும் போட்டிருந்தார்கள். கீழ்நாட்டு ஊர்களில் வாத்தியார்கள் குடும்பம் நிறைய. நான் தோற்றேன். தோற்றதற்கு வேறு காரணங்களும் உண்டு, நான் எல்லாப் பழியையும் அந்த ஒரு வரி மேல் போட மாட்டேன்.

மலையில் எனக்கு விழும் என்று நினைத்திருந்தேன். பாலத்துக்குத் தூண் எழும்பிவிட்டிருந்தது, நெல்லிமேட்டுக்காரர்கள் மறக்க மாட்டார்கள் என்று முருகேசன் சொல்லிக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தபோது அந்த ஊரிலும் பாதிப் பேர் எனக்குப் போடவில்லை. எனக்கு அது வலித்தது. அதை வெளியே காட்டவில்லை.

பத்து நாள் கழித்து வெள்ளையன் கீழே இறங்கி வந்து வீட்டில் என்னைப் பார்த்தார். ஒரு சின்ன மூங்கில் குழாயில் தேன் கொண்டுவந்திருந்தார். தான் எனக்குத்தான் போட்டதாகச் சொன்னார். போடாதவர்களைத் திட்டவும் இல்லை. எங்கள் ஊரில் ராத்திரியெல்லாம் பேசினோம், சண்டைகூட வந்தது என்றார். என்ன சண்டை என்று கேட்டேன். “நீங்க அவர அனுப்பியிருந்தா அவரு உசுரோட இருப்பாரு. அனுப்பலன்னுதான் எங்க புள்ளைங்க படிச்சிதுங்க. ரெண்டுல எதுக்கு ஓட்டுப் போட்றதுன்னு எங்களுக்கே தெரியலீங்க.”

திறப்பு விழா

பாலம் முடிந்தபோது நான் முன்னாள் எம்.எல்.ஏ. அழைப்பிதழ் வரவில்லை. முருகேசன் அப்போது வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார், ஆனாலும் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். மேடையும் ஷாமியானாவும் இந்தக் கரையில் போட்டிருந்தார்கள். நாங்கள் பின்னால் ஒரு மரத்தடியில் நின்றோம். கல்வெட்டில் நிறையப் பெயர்கள். தனகோடி பெயர் இல்லை. என் பெயரும் இல்லை. என் பெயர் இல்லாதது அன்று ஒரு ஆறுதலாகத்தான் இருந்தது.

ரிப்பன் வெட்டி, பெரியவர்கள் நாலு எட்டு நடந்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். அந்தக் கரை வரை யாரும் போகவில்லை. கார்களெல்லாம் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். நடுவில் நின்று கைப்பிடிச் சுவரில் கை வைத்து எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கொஞ்சமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. முருகேசன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “கீழ பாக்காதீங்க அண்ணே, நேராப் பாத்து நடங்க,” என்றார்.

கடைசி மனு

கஸ்தூரிக்குக் கருணை அடிப்படையில் ஒரு பள்ளியில் அலுவலக வேலை கிடைத்தது. அதற்காக நான் பதவியில் இருந்தபோதே அலைந்தேன், ஆனால் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை, நான் அலைந்ததை யாரிடமும் சொல்லவும் இல்லை. அவர் சொன்ன வார்த்தையை மீறக் கூடாது என்று இருந்தேன்.

பதினைந்து வருஷம் போயிற்று. அம்மா காலமாகிவிட்டது. மனு கொடுக்க வருகிறவர்கள் குறைந்துபோய், பஞ்சாயத்துப் பேச யாராவது எப்போதாவது வருவார்கள். ஒரு மத்தியானம் வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றார். நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தார். பெயரைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுச் செம்பை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவருடைய பெண் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டதாம். வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டதாம். கல்வராயன் மலையில், நெல்லிமேட்டுக்கும் அந்தப் பக்கம் ஒரு ஊர். ஜூன் மாதம் சேர வேண்டும். மாற்றித் தரச் சொல்லி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என்னிடம் பதவி இல்லை, ஆனால் யாரையாவது பிடித்து, யார் காலிலாவது விழுந்து இதைச் செய்துவிட வேண்டும் என்று மனதுக்குள் பெயர்களை ஓட்ட ஆரம்பித்தேன். வாயைத் திறந்து, மாற்றிவிடலாம், நான் பார்க்கிறேன் என்று சொல்லியும் விட்டேன்.

அவர் வேண்டாமென்று தலையாட்டினார். பெண்ணுக்கு அங்கேதான் போக வேண்டுமாம். அப்பா வேலை பார்த்த இடத்துக்குப் பக்கம் என்று அதுவே கேட்டு வாங்கிக்கொண்டதாம். இவர் தடுத்துப் பார்த்தும் கேட்கவில்லையாம். தான் அந்த மலைக்கு ஒரு நாளும் போனதில்லை, போகிற தைரியமும் இல்லை என்றார். மடியிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, வந்த காரியத்தைக் கேட்டார்: “வேற ஒண்ணும் வேணாங்க. அந்தப் பாலம் ஐப்பசி மழைக்குத் தாங்குதா இன்னான்னு மட்டும் நீங்க போய்ப் பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லணும்.”

மறுநாள் முதல் பஸ்ஸில் மலையேறிப் போய்ப் பார்த்து, ஐப்பசி வெள்ளத்தைப் பற்றி நெல்லிமேட்டுக்காரர்களிடமும் விசாரித்து, சாயங்காலமே திருநாவலூருக்குப் போய்ப் பாலம் கெட்டியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். பதவியில் இருந்த ஐந்து வருஷத்தில் ஒரு மனுவைக்கூட இப்படி மறுநாளே முடித்துக் கொடுத்ததில்லை, அதற்கு நான் முன்னாள் ஆக வேண்டியிருந்தது.